ஆணி டயரும் ஒரு வாய் காபியும்

கையில் துண்டுச்சீட்டோடு டயர் வாங்க வருகிறவர்களைக் கண்டால் டயர் கடைக்காரன் சிக்ஸ்டனுக்கு ஆகாது. ஈவெர்ட் இரண்டு சீட்டுகளோடு வந்திருந்தான். ஒவ்வொரு டயரும் ஓடும்போது எவ்வளவு சத்தம் போடும் என்ற கணக்கை எங்கிருந்தோ எடுத்து எழுதி, மிகக் குறைவான எண்ணைச் சுற்றி மூன்று வட்டம் போட்டு வைத்திருந்தான்.

"என்னடா இது, டயர் வாங்க வந்தியா, ரேடியோ வாங்க வந்தியா?" என்றான் சிக்ஸ்டன்.

"சத்தமே இல்லாத டயர் வேணும். இருக்கறதுலயே உசத்தியானது."

குளிர்காலத்துக்கென்று மாட்டும் பழைய டயர்கள் கோடை முழுக்க சிக்ஸ்டனின் கிடங்கில்தான் கிடந்தன. ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நகத்தால் அழுத்திக் காட்டினான் சிக்ஸ்டன். நகம்தான் வளைந்தது. ரப்பர் காய்ந்து கட்டையாகிவிட்டது. பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு எண்களைப் பார்த்தால் செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனிடம் பாதி தேய்ந்ததாக வாங்கி அதையே மூன்று குளிர்காலம் ஓட்டிவிட்டான் ஈவெர்ட்.

"முன்னாடி ஆணி வெச்சதுதானே போட்டிருந்தே? உன் ரோடு முழுக்க ஆத்தங்கரை. ஐஸ் கட்டினா கண்ணாடி மாதிரி இருக்கும். ஆணியே போடு, அதுதான் ஐஸைக் கடிச்சுப் பிடிக்கும்."

"வேண்டாம். சத்தம்."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஊர் அது. வட சுவீடனின் உள்பகுதியில் பாதிப் பேர் 'ஆமாம்' என்று சொல்லக்கூட வாயைச் செலவழிக்க மாட்டார்கள். உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்பார்கள். 'ஷுப்' என்று ஒரு சத்தம் வரும். அதுதான் ஆமாம். கல்யாணத்தில்கூட அப்படித்தான் சம்மதம் சொன்னான் ஈவெர்ட். பாதிரியார் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

அவன் சொல்லாமல் விட்டது இதைத்தான். மூன்று வருடமாக அவன் மனைவி குன்னெலுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் உமியோ நகர மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. அரசாங்கம் டாக்சி தரும். ஈவெர்ட்தான் நானே ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். திரும்பி வரும்போது அவள் துவைத்துப் போட்ட துணியாக இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தைக் காப்பாற்றத்தான் ஆணி டயரைக் கழற்றி எறிந்தான், ரேடியோவை அணைத்தான், தும்மல் வந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். அவளுக்காக அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தான்.

திங்கட்கிழமை, மருத்துவமனை நடையில் இயந்திரத்துக் காபியை வாயில் வைத்த நேரத்தில் சிக்ஸ்டன் போன் செய்தான்.

"ஈவெர்ட், நீ கேட்டது உன் கார் அளவுல டிசம்பர் வரைக்கும் வராதாம். அதே கம்பெனியோட ஆணி டயர் இருக்கு, புதுசு. போட்டுடவா?"

காபி நெருப்பாகச் சுட்டது. ஈவெர்ட் துடித்துப்போய் மூச்சை உள்ளே இழுத்தான்.

ஷுப்.

"சரி" என்று சிக்ஸ்டன் போனை வைத்துவிட்டான். கடமான் வேட்டை வாரம், அவனுக்கு ஆயிரம் வேலை. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வேண்டாம் என்பதை நாளைக்குக் கடைக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஈவெர்ட்டும் விட்டுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை சிக்ஸ்டன் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்ததால் காரை மட்டும் விட்டுவிட்டு, எதிரே கூட்டுறவுக் கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்கி வருவதற்குள் நான்கு சக்கரமும் மாட்டியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஆணிகள் பல்லிளித்தன.

"ஆணி!" என்றான் ஈவெர்ட்.

"ஆமா, ஆணி. நீதானே சரின்னே?"

"எப்போடா சொன்னேன்?"

"போன்ல. ஷுப்புன்னியே."

"அது காபிடா, மடையா! நாக்கு வெந்துபோச்சு!"

சிக்ஸ்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பழைய டயர்கள் காலையிலேயே கழிவு லாரியில் போய்விட்டன. மறுநாள் குன்னெலின் முறை. வானிலைக்காரர்கள் உறைமழை என்று வேறு சொல்லியிருந்தார்கள். "நாளைக்கு ஒரு நாள் இதுலயே போயிட்டு வா. எங்கயாவது அலைஞ்சு உன் ஊமை டயரைப் பிடிச்சிட்டு வரேன். வியாழக்கிழமை மாத்திக்கலாம். தப்பு என்னோடது" என்றான். ஈவெர்ட் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

புதன்கிழமை போகிற வழியெல்லாம் வெறும் தார்ச்சாலையில் டயர் கரகரவென்று இரைந்தது. ஈவெர்ட் பல்லைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கோ, நாளைக்கு மாத்திடுவேன்" என்றான். குன்னெல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது மணி இரண்டு. சொன்னபடியே மழை தூறித் தரையில் விழுந்த இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு லாரி ஓரங்கட்டி நின்றுவிட்டது. ஈவெர்ட் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினான். ஐஸின்மேல் டயரின் இரைச்சல் மாறிவிட்டது. யாரோ கல்கண்டைக் கடிப்பதுபோல் நறநறவென்று ஒரே சீராக வந்தது. வளைவில் கார் இம்மியும் நழுவவில்லை.

பாதி வழியில் இன்னொரு சத்தம் சேர்ந்தது. டயரில் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் காதைத் தீட்டினான். டயர் இல்லை. குன்னெல் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொரு வருடமாக அவனுக்குப் பழகிய குறட்டை. வீட்டில் அவள் படுத்தால் சுவரே அதிரும். காரில் மட்டும் மூன்று வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. நோயின் அசதி என்று நினைத்திருந்தான். இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் கண்விழித்தாள். "வந்துட்டோமா? அதுக்குள்ளயா?"

"குறட்டை விட்டே."

"சே, போ."

"குன்னெல், இத்தனை நாளா கார்ல நீ தூங்கவே இல்லையா?"

அவள் கையுறையைத் தேடுகிற சாக்கில் மடியைப் பார்த்தாள். "எப்படித் தூங்கறது? வண்டி பூனை மாதிரி போகும். தரையைப் பிடிச்சிருக்கா, வழுக்குதா, ஒண்ணும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கிட்டே வருவேன். கோடையிலயும் அந்தப் பழக்கம் விடலை. நாப்பத்தி ரெண்டு வளைவு, தெரியுமா?"

"சொல்லியிருக்கலாமே!"

"நான் தூங்கணும்னு நீ தும்மலைக்கூட அடக்கிக்கிட்டு ஓட்டினே. மூஞ்சியெல்லாம் செவந்து போகும். அதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்லுவேன்?" அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். "இன்னிக்கு அந்த ஆணியெல்லாம் கடிச்சுக் கடிச்சு ஏறுறது கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் தெரியலை."

ஈவெர்ட் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள்தான் இறங்கி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

வியாழக்கிழமை காலை அவன் போனபோது சிக்ஸ்டன் நான்கு ஊமை டயர்களை அடுக்கித் தயாராக வைத்திருந்தான். நூறு கிலோமீட்டர் போய் இன்னொரு கடைக்காரனிடம் கெஞ்சி வாங்கி வந்தானாம். அதற்காக வேட்டையில் ஒரு நாளை விட்டுவிட்டான். அந்த ஊரில் அது சாதாரணக் காரியம் இல்லை.

"காரை உள்ள விடு, மாத்திடறேன்."

ஈவெர்ட் காரை விடவில்லை. குன்னெல் சுட்டுக் கொடுத்த ஏலக்காய் ரொட்டிப் பையை மேசைமேல் வைத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நன்றிடா, சிக்ஸ்டன்."

சிக்ஸ்டன் பயந்துபோனான். "என்னாச்சு? குன்னெல் நல்லாத்தானே இருக்கா?"

ஈவெர்ட் எல்லாவற்றையும் சொன்னான். மூடிய கண்கள், நாற்பத்திரண்டு வளைவுகள், குறட்டை, ஒன்றையும் விடவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் அவன் இவ்வளவு பேசி சிக்ஸ்டன் கேட்டதில்லை. கேட்டு முடித்துவிட்டு அவன் ஒரு டயரின் தூசியைத் துடைத்தான். அதில் தூசியே இல்லை.

"அப்போ ஆணியே இருக்கட்டுமா?" என்றான்.

இந்த முறையாவது மனிதனைப் போல வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஈவெர்ட் நினைத்தான். வாயைத் திறந்தான். குரல் வருவதற்குப் பதில் மூச்சுத்தான் உள்ளே போனது.

ஷுப்.

சிக்ஸ்டன் அவன் கண்களைப் பார்த்துவிட்டு, ஊமை டயர்களை ஒவ்வொன்றாகக் கிடங்குக்கு உருட்டிக்கொண்டு போனான்.