ஒலிவென்சியா மூக்கும் ஒரு புள்ளிக்கோடும்

மத்தியான மழைக்குப் பிறகு எங்கள் தீவின் அட்ஹூந்தாஸ் மலைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அப்படி ஒரு மூட்டத்தில்தான் சித்தப்பா மகன் பெர்தோ என் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுக்கக் கூடுகிறது. வம்சமரத்தைத் துணியில் அச்சடித்துத் தொங்கவிட வேண்டும். அதற்காகவே கடல் தாண்டி ஓர்லாந்தோவிலிருந்து வந்திருந்தான்.

திரையில் எங்கள் ஒலிவென்சியா குடும்பத்தார் கோடுகோடாகத் தொங்கினார்கள். நானும் என்னைப் பெற்ற ஒவிதியாவும் தனியாக ஒரு மூலையில் மிதந்தோம். பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. நாற்காலியில் இருக்கிறேனா, மூட்டத்தில் இருக்கிறேனா? அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

“என்னடா, என்னைத் தொலைச்சுட்டியா?”

“நான் எங்கக்கா தொலைச்சேன்? பெரியப்பா பழைய புரோகிராம்ல சொந்தமா ஏதோ ஒரு குறி போட்டு வச்சிருக்காரு. புதுசுக்கு அது புரியல. புரியாததையெல்லாம் குப்பைன்னு தள்ளிடுச்சு.”

குப்பையாம்! அவன் சொன்ன பெரியப்பா, மறைந்த மொன்சே அப்பா, என்னை வளர்த்தவர். ஒவிதியாவால் முடியவில்லை, கொடுத்தாள், அவர் வாங்கிக்கொண்டார். எங்கள் மலையில் இதற்கெல்லாம் காகிதம் கிடையாது. பிள்ளை வரும், மேசையில் தட்டு ஒன்று கூடும். புரோகிராமில் அதற்கு இடமில்லாததால் ‘வளர்ப்பு’ என்று அவரே ஒரு குறியை உண்டாக்கி என்னைச் சேர்த்திருந்தார்.

“விடுக்கா, பெத்த மகள்னே போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“அப்பாவோட சேர்க்கறதுக்காகப் பெத்தவளை அழிப்பியா? அப்பா எழுதினது எழுதினபடி வரணும்.”

“வம்சம்னா ரத்தம்தான்கா. இந்த மூக்கைப் பாரு! சிப்ரியானோ தாத்தா மூக்கு. ஸ்பெயின்லேருந்து கப்பல்ல வந்த ஒலிவென்சியா மூக்கு!”

மரத்தில் தாத்தாவுக்கு மேலே யாரும் இல்லை. அதை வைத்தே கப்பலைக் கட்டிவிட்டான்.

“மூக்கை ஓரமா வச்சுட்டு வேலையைப் பாருடா.”

முணுமுணுத்துக்கொண்டே துழாவினான். ‘புரியாத வரிகளையும் வைத்துக்கொள்’ என்று எங்கோ ஒரு கட்டம் இருந்தது. அதைத் தட்டினான். ‘வளர்ப்பு’ என்றால் புள்ளிக்கோடு என்று சொல்லிக்கொடுத்து, அப்பாவின் கோப்பை மறுபடி ஏற்றினான்.

மூட்டம் விலகுவது போல மெதுவாக ஒரு புள்ளிக்கோடு தோன்றி, என்னிடமிருந்து அப்பாவுக்குப் போனது. ஒவிதியாவும் என் பக்கத்திலேயே இருந்தாள். அப்பா பின்னால் வந்து நிற்கிறார் என்றே நினைத்தேன்; காப்பி வாசனைகூட அடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவார்.

பெர்தோ திரையை மேலே நகர்த்தினான். உச்சியிலும் ஒரு புள்ளிக்கோடு. சிப்ரியானோ தாத்தாவிடமிருந்து தொமாசா ஒலிவென்சியா என்ற கிழவிக்கு. பக்கத்தில் அப்பாவின் வரி: ‘புயலில் கிடைத்த குழந்தை. பெற்றவர்கள் தெரியாது. தொமாசா வளர்த்துப் பெயர் கொடுத்தாள்.’ எனக்கும் இது தெரியாது.

அவன் கை தானாக மூக்குக்குப் போனது.

“அப்ப நாங்க யாருக்கா?”

“ஒலிவென்சியாதான். வேற யாரு?”

அவன் விரல் அந்த ‘வைத்துக்கொள்’ கட்டத்தின் மேலேயே நின்றது. இன்னொரு தட்டு தட்டினால் அவனுக்குக் கப்பல் திரும்பக் கிடைத்துவிடும். நான் மறுபடி மூட்டத்துக்குள் போவேன்.

விரலை எடுத்தான்.

“அக்கா, புள்ளிக்கோடு துணியில சரியா விழாது. கொஞ்சம் தடிமனாப் போடட்டுமா?”