அஞ்சாதே என்றொரு குடும்பப்பெயர்

சட்டையின் மேல் பித்தான் துளைக்குள் போக மறுத்தது. அப்பாவின் கழுத்து இப்படி விறைத்துப்போகும் என்று வீப்கெ நினைக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தாள்.

மேசையில் பக்கத்து வீட்டார் கொடுத்த வெண்ணெய்க் கேக். வடகடல் ஓரத்தில் சாவு வீட்டுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். தம்பி ஹார்ம் இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தான். எதிரே, அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கும் கிளாசன், நாளைய பத்திரிகைக்கு மரண அறிவிப்பைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கேளு. 'பேருக்கேத்த மாதிரியே வாழ்ந்தார்.' எப்படி?"

அவர்கள் குடும்பப்பெயர் ஃபூர்ஷ்டெநிஷ்ட். ஜெர்மனில் அஞ்சாதே என்று பொருள். எந்தச் சண்டையில் எந்தப் பாட்டனுக்கு ஒட்டிய பட்டப்பெயரோ, யார் கண்டது. பல் பிடுங்கப் போனால்கூட அதைச் சொல்லியே வாயை அடைத்துவிடுவார்கள். எட்டு வயதில் இருட்டுக்கு அழுத வீப்கெயிடம் அப்பாவும் அதைத்தான் கேட்டார்: "நம்ம பேரு என்னடி?"

"வெள்ளத்தன்னைக்கு ஊரே ஓடிருச்சு. மனுஷன் மதகுல தனியா நின்னாரு," என்றான் ஹார்ம். "பயம்னா என்னன்னே தெரியாது அவருக்கு."

வீப்கெ கோப்பையில் கற்கண்டைப் போட்டுத் தேநீரை ஊற்றினாள். சூட்டில் கற்கண்டு வெடித்தது. அழுகை வரவில்லை. காலையிலிருந்தே எதுவும் வரவில்லை.

நேற்று மத்தியானம் அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வீப்கெ, எனக்குப் பயமா இருக்குடி."

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரித்துவிட்டாள். "உனக்கா? நம்ம பேரு என்னப்பா?" பாவி, போயும் போயும் அதையா சொன்னாள். அவர் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விடிகாலையில் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்த வரியை அடிச்சிடுங்க," என்றாள்.

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு!"

"அடிச்சிடுங்க கிளாசன். பேரு மட்டும் போதும்."

அடித்துவிட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் அப்பாவின் பெயர் மட்டும்: ஓனோ ஃபூர்ஷ்டெநிஷ்ட். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஓனோவுக்குப் பின்னாடி ஒரு கமா வைங்க."

"பேருக்கு நடுவுலயா? அச்சுப்பிழைன்னு ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்."

ஹார்ம் கேக்கை வாயருகே பிடித்தபடி அக்காவைப் பார்த்தான். கிளாசன் பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, சின்னதாக ஒரு வளைவு போட்டார்.

ஓனோ, அஞ்சாதே.

வீப்கெ எழுந்தாள். மேல் பித்தான் இன்னும் போடாமல் இருந்தது.