மைனரின் குரல்

நீதிபதியின் அறைக்குள் போன ஏழு வயதுச் சிறுமி வெளியே வந்தபோது அவளுடைய குரல் அவளோடு வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் தண்ணீர் கேட்க அவள் வாயைத் திறந்து, வெறுமனே மூடியபோதுதான் சித்திக்கு அது தெரிந்தது. குடை, மூக்குக்கண்ணாடி, பல்செட் என்று என்னென்னவோ மறந்துவிட்டுப் போகிற இடம் நீதிமன்றம் என்பதால், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவளை பஸ்ஸில் ஏற்றினாள்.

சிறுமி தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவளைப் பெற்ற இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் தைத்துக்கொண்டிருந்த தாயின் தங்கைதான் குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தாள். பேச்சு வந்ததும் குழந்தை அவளை அம்மா என்றது. திருத்த அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. தகப்பனின் அண்ணன் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. தம்பி விட்டுப்போன வீட்டுக்கு எதிரே புது பஸ் நிலையம் வருகிறது என்று செய்தி கசிந்த மாதம், தம்பி மகள்மேல் அவருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. தன்னை கார்டியனாக நியமிக்கும்படி மனுப் போட்டார். மனு முழுக்கக் குழந்தையை மைனர் என்றே சொல்லியிருந்தார்கள். “மைனர்னா ஜிப்பா போட்டு சென்ட் அடிச்சுக்கிட்டுத் திரியறவன்தானே சார், எங்க வீட்டுதுக்கு இன்னும் மூக்கு சிந்தவே தெரியாது” என்றாள் சித்தி தன் வக்கீலிடம். வாய்தா வாங்குவதைத் தவிர எதையும் வாங்கத் தெரியாதவர் என்பதால் அந்த வக்கீலுக்கு வாய்தா என்றே பேர்.

அன்றைக்கு வாய்தா ஒரே ஒரு உருப்படியான யோசனை சொன்னார். “ஜட்ஜ் பாப்பாவைத் தனியாக் கூப்பிட்டு, யார்கிட்ட இருக்கணும்னு கேப்பாரு. சித்திகிட்டன்னு சொல்லச் சொல்லுங்க. காகிதத்துல நீங்க சித்தி.” ஒரு வாரம் சித்தி பழக்கிப் பார்த்தாள்.

“நான் யாரு?”

“அம்மா.”

“வீட்ல சரிடி. கோர்ட்ல நான் யாரு?”

சிறுமி யோசித்தாள். “கோர்ட்ல நீ பயந்துபோன அம்மா.”

சித்தி அத்தோடு விட்டுவிட்டாள்.

நீதிபதி கெட்டவர் இல்லை. மேசை இழுப்பறையில் குழந்தைகளுக்கென்று மிட்டாய் வைத்திருந்தார். ஒன்றை உரித்துக் கொடுத்துவிட்டு, “யார்கிட்டம்மா இருக்கணும்?” என்று கேட்டார். “அம்மாகிட்ட” என்றாள் சிறுமி. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடித்தார்: இறந்துபோன தன் தாயிடம் செல்லவே விரும்புவதாக மைனர் தெரிவித்தாள். தீர்ப்பில் அந்த வரி குட்டிபோட்டது. சாவைத் தேடும் அளவுக்கு சித்தியின் பராமரிப்பில் மைனர் வாடியிருப்பதாகவும், பேச்சுகூட நின்றுவிட்டதாகவும், ஆகவே மைனரின் நலன் கருதிப் பெரியப்பாவே கார்டியன் என்றும் அதில் இருந்தது. வாய்தா மேல்முறையீடு செய்தார். பிறகு அதற்கும் வாய்தா வாங்கினார்.

மைனரின் சொத்தை விற்க கார்டியனுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். மைனருக்குப் பேச்சு வரவழைக்க வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பெரியப்பா கேட்டார். அனுமதி கிடைத்தது, வீடு விலைபோனது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, குரலைத்தான் காணோம் என்றார். அது நீதிபதியின் அறையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்; மறுநாளே வாங்கப் போன சித்தியை, கார்டியன் வந்து கேட்டால்தான் தருவோம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் பெரியப்பா அதற்குமேல் மெனக்கெடவில்லை. “பேசாத பிள்ளை தங்கம்யா. என் வீட்ல இருக்கறதுங்க பேசியே என்னைக் கொல்லுதுங்க” என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

குரல் நீதிபதியின் அறையில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. கேட்டால் மட்டும் பதில் சொல்லும். வேறு வழக்கில் வேறு குழந்தையை உட்காரவைத்து, யார்கிட்டம்மா இருக்கணும் என்று நீதிபதி கேட்டால், அந்தக் குழந்தை மிட்டாயை விழுங்குவதற்குள் அலமாரிப் பக்கமிருந்து “அம்மாகிட்ட” என்று பதில் வந்துவிடும். கொஞ்ச காலம் பிள்ளைகளெல்லாம் தாய்மாருக்கே போனார்கள். அப்பாக்களின் வக்கீல்கள் ஆட்சேபித்தார்கள். அடுத்து வந்த நீதிபதி, ராத்திரி யார் பக்கத்தில் படுத்தால் தூக்கம் வரும் என்று கேள்வியையே மாற்றிக்கொண்டார். அதற்குக் குரல் பதில் சொன்னதில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை நீதிமன்ற வளாகத்தில் சிறுமியைப் பார்க்க சித்திக்கு அனுமதி இருந்தது. பெரியப்பா முதலில் காய்ச்சல் என்றார், அப்புறம் பரீட்சை என்றார், அப்புறம் வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டார். சித்தி வருவதை நிறுத்தவில்லை. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நரை விழுந்தது, பார்வை மங்கியது, காலரிலிருந்து, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள்.

பதினெட்டு வயது முடிந்த அன்று மைனர் மேஜரானாள், வழக்கு தானாக முடிந்தது. இனி அவள் யாரிடம் இருக்க வேண்டும் என்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு தையல் கூடத்துக்கு வந்து நின்றாள். சித்தி நிமிர்ந்து பார்த்து, வேலைக்கு வந்த பெண் என்று நினைத்து, “காஜா எடுக்கத் தெரியுமா?” என்றாள். அம்மா என்பதற்கு அவள் உதட்டை ஒட்டித் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி ஒட்டித் திறந்தாள். அப்போதுதான் சித்தியின் கால் மிஷினிலிருந்து இறங்கியது.

குரலைத் திருப்பிக் கேட்டு இருவரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “அது மைனரோட குரல்மா. மைனருக்காக கார்டியன்தான் மனுப் போட முடியும்.”

“அந்த மைனர் இவதானே சார்.”

“இவங்க மேஜர். அந்த மைனர் இப்ப இல்லையே.”

அப்படியானால் கார்டியன், என்று சித்தி இழுத்தாள். மைனர் இல்லாதபோது கார்டியனும் இல்லை என்றார் அவர்.

அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை இருவருமாக வந்து அந்த பெஞ்சில் உட்காருகிறார்கள். நீதிபதி சாப்பிடப் போனதும், அறை வாசலில் நிற்கும் டவாலி கதவை லேசாகத் திறந்துவைத்து, காலி அறையைப் பார்த்து, “யார்கிட்டம்மா இருக்கணும்?” என்று கேட்பார். ஏழு வயதுக் குரல் “அம்மாகிட்ட” என்று சொல்லும். “சரி, வா போலாம்” என்று சித்தி எழுந்து பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொள்வாள். டவாலி கதவைச் சாத்துவார்.