ஒடிந்த கிளைக்கு அடியில்

விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை ஓய்ந்த மறுநாள், மேப்பிள் மரங்களின் இனிப்புச் சாறு ஓடும் பிளாஸ்டிக் குழாய் ஓரிடத்தில் அறுந்து, சாறு பனியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, பாதி ஒடிந்த பெரிய கிளை ஒன்று பட்டையின் பிடியில் தொங்கியது. கிஸ்லேன் கருவிப்பையைத் திறந்தாள்.

“பெரிய இடுக்கிய எடுக்கா. ரெண்டு முனையையும் கவ்வி இழுத்தா ஒரு நொடியில சேந்துடும்,” என்றான் தம்பி ரெஜான்.

“இழுத்தா மரம் ஆடி, கிளை விழுந்துடும்டா. குழாய அந்த மரத்துலதான கட்டியிருக்கு?”

“அப்ப வெந்நீர்ல இளக்கி, கையாலயா சொருகப்போற? அவ்வளவு நேரம் அதுக்கு அடியில நிப்பியா? பைத்தியமா உனக்கு?”

அவள் கத்தரியையும் குழாய் இணைப்புத் துண்டையும் வெந்நீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டு போனாள். கிழிந்த முனைகளை நறுக்கினாள். ஒரு முனையை வெந்நீரில் நனைத்து, இணைப்புத் துண்டின் மேல் மெல்லத் திருகி ஏற்றினாள். மேலே கிறீச்சென்றது. பனித்தூள் கழுத்தில் விழுந்தது. இரண்டாம் முனை வழுக்கியது.

“விட்டுட்டு வாக்கா!” ரெஜான் கத்தினான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி நனைத்துத் திருகினாள். ஏறிவிட்டது.

கிளைக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் பனியில் உட்கார்ந்துவிட்டாள். கிளை இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ரெஜான் அவள் கையை இறுகப் பிடித்தான். “இன்னொரு தடவ இப்படிச் செஞ்சா அம்மாகிட்ட சொல்லிடுவேன்,” என்றான்.