இழுப்பறையில் இருந்த அலாரம்

மே மாதம் முடிந்து ஆட்கள் பறவை பிடிக்கும் தீவுகளிலிருந்து திரும்பிவிட்டால், நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் பிளஃப் ஊரில் பாதி வீடுகளில் புகை அலாரம் கூரையில் இருக்காது. இழுப்பறைக்குள் இருக்கும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜ் மேல் கவிழ்ந்து கிடக்கும். எல்லாம் மட்டன்பேர்டால் வருவது. பெயரில்தான் மட்டன், அது கடற்பறவைக் குஞ்சு. உப்பில் ஊறி வாளி வாளியாக வந்து இறங்கும். மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்து, பிறகு தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை அடுப்பில் வாட்ட வேண்டும். சொட்டுகிற கொழுப்பு கிளப்பும் புகையில் பக்கத்துத் தெரு நாய்கூடத் தும்மும். அலாரம் சும்மா இருக்குமா? தொண்டை கிழியக் கத்தும். பசியோடு உட்கார்ந்திருப்பவன் அதைப் பிடுங்கி எங்காவது போடுவான்.

அது தப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருபத்தாறு வருடம். பள்ளிக்கூடத்துக்குப் போய், சிவப்பு வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, "என்ன ஆனாலும் அதைக் கழட்டக் கூடாது" என்று விரலை ஆட்டிவிட்டு வருவேன். என்னைப் போல யோக்கியன் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது.

ரெவி வீட்டில் அலாரத்தை மாட்டியதும் நான்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. அவன் வீட்டில் பழைய நிலக்கரி அடுப்பு இருந்ததால், புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் சேர்த்துக் கத்துகிற அலாரமாகவே பார்த்து வாங்கி வந்தேன். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். இதையும் நான் பள்ளிக்கூடத்தில் சொல்வதுண்டு.

போன வருடம் ஜூன் மாதத்து முதல் ஞாயிறு. தீவிலிருந்து வந்த கையோடு ரெவி என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி நைரி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தாள். வெளியே மழை கொட்டியது, அதனால் வீட்டுக்குள்ளேயே சமையல். ஆறு பறவைகளை வாட்டப் போட்ட ஐந்தாவது நிமிடம் அலாரம் கத்த ஆரம்பித்தது.

ரெவி கரண்டி பிடித்த கையாலேயே காதைப் பொத்திக்கொண்டான். "டேய் நெவ், அதோட வாயை மூடுடா!"

"ஜன்னலைத் தொற. தானா நிக்கும்."

"தொறந்தா மழை உள்ள வரும், நைரி என் தோலை உரிப்பா. நெட்டக்கொக்கு மாதிரி வளந்திருக்கியே, கையை நீட்டினா கழண்டுடும். எனக்குன்னா நாற்காலி போடணும். போடா, புண்ணியமாப் போகும்."

நான் கையை நீட்டினேன். ஒரு திருகுதான், வந்துவிட்டது. கையில் வைத்துக்கொண்டபோதும் கத்தியது. பேட்டரியை உருவி, இழுப்பறையைத் திறந்து, பாத்திரம் துடைக்கும் துணிகளுக்கு அடியில் திணித்தேன்.

"சாப்பிட்டதும் நானே மாட்டிடறேன்," என்றேன்.

"மாட்டு, மாட்டு. அது இல்லாட்டி உனக்குத் தூக்கம் வராதே!"

உருளைக்கிழங்கும் ஓடைக்கீரையும் வைத்து, விரல்களில் கொழுப்பு வழிய இரண்டாவது பறவையில் இருந்தேன். இடுப்பில் தீயணைப்புப் படையின் பேஜர் அலறியது. துறைமுகத்துப் பக்கம் ஒரு வீட்டில் புகைபோக்கி பற்றிக்கொண்டதாம். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். அடுத்தவன் வீட்டைக் காப்பாற்ற ஓடியவன், ஓடிவந்த வீட்டை மறந்துபோனேன். அன்று மாலை நினைவு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எப்படி வராமல் போயிற்று என்று என்னையே திட்டித் திட்டி ஒரு வருடம் ஆகிறது.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணி. ரெவி சிப்பிப் படகிலிருந்து இறங்கி வந்து, நனைந்த கம்பளிச் சட்டைகளை அடுப்புக்கு முன்னால் கொடியில் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறான். குளிர்காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் உலர்த்துவோம். ஒரு சட்டை சரிந்து அடுப்பின் மேல் விழுந்திருக்கிறது. பெரிய தீ ஒன்றுமில்லை. கம்பளி பொசுங்கி, பக்கத்திலிருந்த சோபா உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. சுவர் ஒரு பக்கம் கருகியதோடு சரி. அழைப்பு வந்து எங்கள் படை போனபோது, முகமூடி போட்டுக்கொண்டு முதலில் உள்ளே போனவன் நான். படுக்கையறையில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். போர்வைகூடக் கலையவில்லை, மூச்சு இல்லை. என் தோளில்தான் அவனை வெளியே கொண்டுவந்தேன்.

விசாரணைக்கு வந்த அம்மாள் கூரையில் வெறும் வட்டத் தட்டைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையில் அலாரத்தைக் கண்டெடுத்தாள்.

"இதை யாரு கழட்டினது?"

நான் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

"வேற யாரு? அவன்தான்," என்றாள் நைரி. "தீனிப்பண்டாரம். கறி வாட்டக் கழட்டியிருப்பான்."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். நான் எழுத விட்டேன்.

மூன்று நாள் அவனை மராயில், எங்கள் மாவோரிச் சமூகக் கூடத்தில், கிடத்தியிருந்தோம். எங்கள் பக்கம் இறந்தவரிடம் நேருக்கு நேராகப் பேசுவார்கள். மூடாத பெட்டிக்கு முன்னால் நின்று அழுவார்கள், கேலி செய்வார்கள், பழைய சண்டையைக்கூடத் தீர்த்துக்கொள்வார்கள். படகுக்காரர்கள் வந்து, "எங்களுக்குக் குடுக்க வேண்டிய ரெண்டு வாளியைக் குடுக்காமலே போயிட்டியேடா" என்று அழுதார்கள். நைரி அவன் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது.

அதன்பிறகு நான் அவள் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்தேன், சுவரைப் பூசிக் கொடுத்தேன், கூரையில் புது அலாரம் மாட்டினேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவளே கண்டுபிடித்துவிடுவாள் என்று எதிர்பார்ப்பேன். அவன் உயரம் அவளுக்குத் தெரியாதா?

இந்த வருடம் எங்கள் படை ஒரு மனு தயாரித்தது. வாடகை வீடு என்றால் புகை அலாரம் கட்டாயம், சட்டமே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பழைய சொந்த வீடுகளில் எட்டிப் பார்த்து யாரும் கேட்பதில்லை. எல்லா வீட்டுக்கும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் சேர்த்து, கட்டாயம் ஆக்குங்கள் என்று மனு. ஒரு ஞாயிறு பிற்பகலில் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். மேடையில் எனக்கு ஒரு நாற்காலி.

கிழட்டுப் படகு முதலாளி கிளாரி முதல் ஆளாக எழுந்தார். "என் வீட்டுக் கூரையில என்ன தொங்கணும்னு தலைநகர் வெலிங்டன்ல உக்காந்திருக்கறவன் சொல்லணுமா? நாளைக்கு என் கால்சட்டைக்கும் சட்டம் போடுவான்!"

"உங்க கால்சட்டைக்கு ஒரு சட்டம் நெசமாவே வேணும், கிளாரி," என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். மண்டபமே சிரித்தது.

அப்போது நைரி எழுந்தாள். சிரிப்பு நின்றது.

"கிளாரி சொல்றது சரிதான்," என்றாள். "எங்க வீட்டுல அலாரம் இருந்துச்சு. நெவ் மாட்டிக் குடுத்தது, நல்ல அலாரம். சட்டம் கூரையில மாட்டும். முட்டாள் கழட்டினா சட்டம் என்ன பண்ணும்? என் வீட்டுக்காரன் அஞ்சடி மூணங்குலம். பல்பு மாத்துடான்னா ஆறு மாசம் ஆக்குவான். வயித்துக்குன்னதும் பாருங்க, நாற்காலி போட்டு ஏறிக் கழட்டி, பத்திரமா இழுப்பறையில வேற வெச்சிருக்கான்."

ஜனங்கள் அன்போடு சிரித்தார்கள். ரெவியை அவர்களுக்குப் பிடிக்கும். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. செத்தவனை என் இடத்தில் நிற்க வைத்து ஊரே சிரிக்கிறது. பதில் சொல்ல அவனால் வர முடியாது.

எழுந்துவிட்டேன். "அவன் ஏறல, நைரி. நாற்காலி போடவே இல்ல. நான்தான் கழட்டினேன்."

அன்றைய மழையையும், ஆறு பறவைகளையும், பேஜரையும், துடைக்கும் துணிகளையும் சொல்லி முடித்தேன். பிறகு வாய் நிற்கவில்லை. "வாடகை வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன். அங்கெல்லாம் எவ்வளவு கத்தினாலும் நான் கை வெச்சதில்ல. சட்டம் இருக்கு, தப்புன்னு கை தானா நின்னுடும். ரெவி வீட்டுல என்னைத் தடுக்க ஒண்ணுமில்ல. சிநேகிதன் வீடுதானேன்னு தொப்பியக் கழட்டற மாதிரி கழட்டிட்டேன். அதுக்குத்தான் சட்டம் கேக்கறேன், கிளாரி. என்னை மாதிரி ஆளுங்களுக்காக."

கிளாரி தலையைக் குனிந்துகொண்டார். கூட்டம் எப்படி முடிந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மனுவில் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆட்கள் கலைந்த பிறகும் நைரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"அவன் தப்பு இல்லியா?" என்று கேட்டாள்.

"கழட்டுன்னு சொன்னான். ஆனா, மாட்டறேன்னு சொன்னது நான். அவன் என்னை நம்பி விட்டுட்டான்."

"ஒன்பது நாள் நானும் அந்தக் கூரைக்குக் கீழதான் நடந்தேன், நெவ். நிமிந்து பாக்கல." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அதைக்கூட விடு. மூணு நாள் அவன் தலமாட்டுல உக்காந்திருந்தேனே, பாத்தல்ல?"

"பாத்தேன்."

"ஊரே அவன்கிட்டப் பேசுச்சு. நான் பேசல. அவ்வளவு கோவம். தின்னு செத்தியேடா, என்னை விட்டுட்டு, உன்கிட்ட என்னடா பேச்சுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பெட்டிய மூடறப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லல." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அங்கதான் இருந்த. பத்தடி தூரத்துல. அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் அவன்கிட்டப் பேசியிருப்பேன்ல?"

அலாரத்தைக் கழற்றியதற்கு அவள் என்னை மன்னித்தாலும் மன்னிப்பாள். இதற்கு நான் மன்னிப்பே கேட்க முடியாது.

நைரி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். மண்டபத்து வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல், மழையில் ரெவியைப் புதைத்த கல்லறைத் தோட்டத்துச் சாலையில் ஏறினாள். கூடப் போக எனக்கு உரிமை இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மேட்டிலேயே அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்திருந்தாள்.