டூயியின் இடது உள்ளங்கை

யாருக்கு அணியில் இடம் என்று முடிவாகும் மார்ச் கடைசி வாரம் வந்தால் போதும், புளோரிடாவில் அந்தப் பேஸ்பால் அணியின் முகாமே டூயி ஹார்ட்சாக்கின் இடது கையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஆட்டத்தின் நடுவில் முதலில் பந்தெறியும் பிட்சர் களைத்ததும் உள்ளே போய் மிச்சத்தைக் காப்பாற்றுகிறவர்கள் ரிலீஃப் பிட்சர்கள். களத்தின் ஓரத்துப் புல்பென்னில் அவர்கள் எறிந்து பழகும் பந்துகளையெல்லாம் பிடிப்பதுதான் டூயியின் வேலை. இருபத்தோரு வருடமாக அதே வேலை. அவன் பெயர் எந்த ஸ்கோர்போர்டிலும் வந்ததில்லை. ஆனால் யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று அவன் உள்ளங்கை சொன்னது இதுவரை பிசகியதில்லை. தோலுறைக்குள் சுரீர் என்று கடித்தால் அது உயிருள்ள பந்து. சும்மா வந்து உட்கார்ந்தால் செத்த பந்து.

இந்த வருடம் எவன் எறிந்தாலும் செத்த பந்தாகவே வந்தது.

பிட்சிங் கோச் ஃபெரான்டே அவனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். ரிலீஃப் பிட்சர்களுக்கு எட்டு இடம், ஒன்பது பேர். ஏழு பேர் ஒப்பந்த பலத்தில் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது இடத்துக்கு முப்பத்தெட்டு வயது லானி டிப்ஸும் ஓர் இடதுகை இளைஞனும். இளைஞனைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பி வைக்கலாம். லானிக்கு அந்த வழியில்லை. அணியில் இடம், இல்லையென்றால் வீடு.

“லானி எப்படிய்யா இருக்கான்?”

லானி, டூயியின் மகளுக்கு ஞானத்தகப்பன்.

“போயிட்டான் கோச். பந்துல ஒண்ணுமே இல்ல. பஞ்சு வந்து விழுற மாதிரி விழுது.”

“வேகம் அளக்குற மெஷின் போன வருஷ வேகத்தைத்தானே காட்டுது?”

“மெஷினுக்கு வேகம் தெரியும். கை இருக்கா அதுக்கு?”

“மத்தவனுங்க?”

“எல்லாம் குப்பை. இப்படி ஒரு சீக்காளிக் கும்பலை நான் புடிச்சதே இல்ல. அதுலயும் லானிதான் மோசம்.”

“உன் சிநேகிதன்யா அவன்.”

“அதனாலதான் மறைக்காம சொல்றேன்.”

சொல்லும்போது அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சிநேகிதனென்றும் பாராமல் நியாயம் சொல்கிறானாம்! பாழாய்ப்போன பெருமை.

மறுநாள் காலை லானியைக் கூப்பிட்டு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவன் அலமாரியைக் காலி செய்து, அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு டூயியிடம் வந்தான்.

“நீதான் சொன்னியாடா?”

“ஆமா.”

“சரி. வேற எவன் சொல்லியிருந்தாலும் பல்லைப் பேத்திருப்பேன்” என்றான் லானி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டான். அவன் போன பிறகு டூயி கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதான்.

அந்த ஏழு பேரில் ஒருவனான, விசா தகராறில் டொமினிக்கன் நாட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்த பெகேரோ மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தான். லீகிலேயே அவனைப்போல வேகமாக எறிகிறவன் கிடையாது. அவன் முதல் பந்தை எறிந்ததும் வேலிக்கு வெளியே நின்றவர்கள் சத்தம் கேட்டே பின்னால் நகர்ந்தார்கள். மெஷின் மணிக்கு நூற்றொரு மைல் காட்டியது. டூயி காத்திருந்தான். கையில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாவது பந்து, மூன்றாவது பந்து. அப்போதும் ஒன்றுமில்லை.

“டூயி, என்ன இப்படி முழிக்கிறீங்க? சரியில்லையா?” என்று பெகேரோ கத்தினான்.

டூயி உறையைக் கழற்றினான். ஆள்காட்டி விரலின் அடியில் தோல் கிழிந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. வலியே இல்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே அழுத்தினான், இன்னும் அழுத்தினான். யாரோ ஒருவருடைய கையைக் குத்துவது போலிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கை நரம்பு செத்தது தெரியாமல் ஊரார் பந்தெல்லாம் செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

டூயி போய்ச் சொன்னதைக் கேட்டுவிட்டு ஃபெரான்டே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “பட்டியல் மேல போயாச்சுய்யா. இனி லானியைத் திரும்பக் கூப்பிட்டா என்னையும் சேர்த்து அனுப்பிடுவாங்க. வாயை மூடிக்கிட்டு நல்ல டாக்டராப் பாரு.”

டூயி கார் நிறுத்துமிடத்திலிருந்து லானிக்குப் போன் போட்டான். அயோவாவில் மாமனார் வீட்டில் இருந்தான் லானி.

“லானி, தப்பு நடந்துபோச்சுடா. என் கை செத்துப்போச்சு. பெகேரோ பந்துகூடத் தெரியல. உன் பந்து நல்லாத்தான் இருந்திருக்கு.”

அந்தப் பக்கம் லானி மெதுவாகச் சிரித்தான். “எனக்கு ஆறுதல் சொல்ல உன் கையையே பலி குடுக்கறியா? வேணாம்டா. நான் தேறிட்டேன்.”

“சத்தியமாடா! என் பொண்ணு மேல சத்தியம்.”

“குழந்தையை எதுக்குடா இழுக்கற? கேளு, முந்தாநாள் டெக்சாஸ்லேர்ந்து ஒரு டீம் கூப்பிட்டாங்க. உடனே வர முடியுமான்னு. முடியாதுன்னுட்டேன்.”

“ஏண்டா?”

“டூயியே முடிஞ்சதுன்னு சொன்னப்புறம் போய் எதுக்கு அசிங்கப்படணும்?”

“இப்பவே கூப்பிட்டு வரேன்னு சொல்லு! வை போனை!”

“நேத்தே வேற ஆளைப் போட்டுட்டாங்கடா.”

டூயி காரின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மினான்.

“அழாதேடா, நீ உண்மையைத்தானே சொன்னே” என்று லானிதான் அவனைத் தேற்றிக்கொண்டிருந்தான்.