ஒன்பதாவது முடிச்சு

மூன்று மாதம் படுக்கையில் கிடந்தும் அப்பாவின் நகக்கண்ணை விட்டுப் போகாத கரியை மகள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா குனிந்து மெல்லக் கேட்டார்.

"பாடையைத் தூக்க நானும் உன் வீட்டுக்காரரும்தான் இருக்கோம். இன்னும் ரெண்டு தோளுக்கு என்னம்மா பண்றது?"

காலையிலிருந்து அவள் பயந்தது இதற்குத்தான். தெரு முழுக்கச் சுரங்கத்து ஆட்கள். அப்பாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'முட்டுக்கட்டை'.

சுரங்கத்தில் ஆபத்தை மதிப்பிடுவது அப்பாவின் வேலை. ஓரிடத்தைத் தோண்டினால் என்ன கெடும், கெட வாய்ப்பு எவ்வளவு, கெட்டால் பாதிப்பு எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்டுப் பெருக்குவார். ஒன்பது வருடத்துக்கு முன், புதிதாகத் தோண்டவிருந்த வடக்கு முகப்புக்கு ஐயைந்து இருபத்தைந்து போட்டுவிட்டார். அடியில் ஊற்று ஓடுகிறது, தோண்டினால் குடியிருப்புக் கிணறு வற்றிவிடும் என்றார். "கரி முப்பது வருஷத்துல தீந்துடும். தாகம் தீருமா?" என்று மேலாளரிடமே கேட்டாராம். வடக்கு முகப்பைத் திறக்கவேயில்லை. அங்கே வேலை கிடைக்குமென்று நம்பியிருந்த, பாறைக்கு வெடி வைக்கும் எதிர்வீட்டு வெடிகாரர், தூரத்துச் சுரங்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் பேருந்தில் இடிபட்டுப் போகவேண்டியதாயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. வாசலில் அப்பாவைப் பார்த்தால் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்வார்.

அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. இரண்டு முழத்துக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றை வெள்ளிக்கிழமை தவறாமல் கிணற்றில் விட்டு, ஈரம் படாத முடிச்சுகளை எண்ணித் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவந்தார். படுக்கையில் விழுந்தபிறகுதான் அது நின்றது.

வாசலில் நிழல் விழுந்தது. தோளில் முடிச்சுக் கயிறோடு வெடிகாரர். பின்னால் நாலைந்து பேர்.

"தாமதமாயிடுச்சும்மா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அளந்துட்டு வரணும்ல."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். பதின்மூன்று வெள்ளிக்கிழமைகள், எதிரே பதின்மூன்று எண்கள்.

"சார் படுத்ததுலேருந்து நான்தான் கயிறு விடறேன். நான் வேலை பாக்குற பக்கம் ஒரு கிணத்துலயும் சொட்டுத் தண்ணி இல்லம்மா. குடத்தை வச்சுக்கிட்டு லாரிக்கு நிக்கிறாங்க. இங்க என் பொண்டாட்டி வாரி வாரி ஊத்துறா. ஒவ்வொரு வாரமும் இதை சார் கையில குடுத்துடணும்னுதான் கிளம்புவேன். உங்க கேட்டுக்கிட்ட வந்தா கால் எழும்பாது."

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது. அப்பாவின் ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டுப்போகவில்லை.

"இன்னிக்கு எவ்வளவு?" என்று அப்பா கேட்பதுபோலவே கேட்டாள்.

"எட்டு காய்ஞ்சிருக்கு. ஒன்பதாவதுலேயே தண்ணி." அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

பிறகு கயிற்றைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு, தலைமாட்டுப் பக்கம் போய்த் தோள் கொடுத்தார். சித்தப்பா தோள் மாற்றிக்கொள்ளக்கூட ஆள் மிச்சமிருந்தது.

எல்லோரும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபிறகு அவள் கூடத்துக்குத் திரும்பினாள். ஆணியில், காய்ந்து கிடந்த அப்பாவின் கயிற்றுக்குப் பக்கத்தில், இன்னொன்று சொட்டிக்கொண்டிருந்தது. கீழே கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. துணியை எடுத்தவள், துடைக்காமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.